நிலையத்துக்கும் வாசலுக்கும் நடுவே

‘வசதி’ என்ற சொல்லைத் தமிழில் நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம். “வசதியான குடும்பம்” என்றால் பணம் இருக்கிறது என்று பொருள். “வசதியாக உட்காருங்கள்” என்றால் உடம்பு நோகாமல் இருங்கள் என்று பொருள். ரயில் நிலையங்களை ஒட்டி எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விளம்பரங்களில் வரும் வசதிகள் முதல் வகையைச் சேர்ந்தவை: நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கிளப் ஹவுஸ். இரண்டாவது பொருளில் வசதியைத் திட்டமிட்ட ஊர் எங்காவது உண்டா என்று தேடியபோது வியன்னா நகரத்தின் நூறாண்டு வரலாறு எனக்குக் கிடைத்தது. நான் கட்டடக்கலை படித்தவள் இல்லை, தமிழ் படித்தவள். ஆகவே ஒரு வரைபடம் எந்த மனுஷியை மனத்தில் வைத்து வரையப்பட்டது என்ற கேள்வியோடுதான் அந்த வரலாற்றைப் படித்தேன்.

நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் வீடு, கடை, பள்ளி, பூங்கா எல்லாவற்றையும் நெருக்கமாக அமைப்பதை இன்று ‘போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி’ என்கிறார்கள். பெயர்தான் புதிது. வியன்னாவின் ஹைலிகன்ஷ்டாட் ரயில் நிலையத்துக்கு எதிரே 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பிலேயே இந்த யோசனை இருக்கிறது. சமூக ஜனநாயகக் கட்சி நகராட்சியை ஆண்ட காலம் அது. தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட அந்தக் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 1,382 வீடுகள் கொண்டது. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மற்றதெல்லாம் முற்றமும் தோட்டமும். நிலையத்தில் இறங்கி வருகிறவர்கள் நடுவிலிருக்கும் பெரிய வளைவு வாயில்கள் வழியாகக் குடியிருப்பைக் கடந்து போகலாம்.

வீடுகள் சிறியவை. உள்ளே கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் உண்டு, குளியலறை கிடையாது. குளியல் கூடம், சலவைக்கூடம், மழலையர் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை, தாய்மார் ஆலோசனை நிலையம் ஆகியவை எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. எது வீட்டுக்குள் இருக்க வேண்டும், எது வெளியே இருக்கலாம் என்ற முடிவு வெறும் கட்டடக்கலை முடிவு அல்ல. ஒரு வேலை நாலு சுவருக்குள் ஒருத்தி தனியாகச் செய்வதா, ஊர் பொறுப்பேற்பதா என்ற அரசியல் முடிவு அது.

அந்தச் சலவைக்கூடங்களில் மின்சார இயந்திரங்கள் இருந்தன. கொப்பரையில் வெந்நீர் காய்ச்சித் துவைத்துப் பிழிந்து உலர்த்திய காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய விடுதலைதான். ஆனால் கண்காணிப்பாளரைத் தவிர வேறு ஆண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. துணி துவைப்பது பெண்ணின் வேலை என்பதை அந்த முற்போக்கான நகராட்சி கேள்வி கேட்கவில்லை. அதை விதியாகவே எழுதி வைத்தது. வேலையின் பாரம் குறைந்தது. வேலை யாருடையது என்பது மாறவில்லை.

மாற்ற முயன்ற ஒரு கட்டடமும் அதே நகரத்தில் இருந்தது. 1920களில் உருவான ஹைம்ஹோஃப் என்ற பொதுச் சமையலறைக் குடியிருப்பு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கானது. சமையலையும் துப்புரவையும் சம்பளம் வாங்கும் பணியாளர்கள் செய்தார்கள். அடுப்பில்லாத வீடு குடும்பத்தைக் குலைத்துவிடும் என்ற அச்சம் இடதுசாரிகளிடமும் இருந்தது. ஆகவே சிவப்பு வியன்னா கட்டிய அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடுவே அது தனியொரு பரிசோதனையாகவே நின்றுவிட்டது. 1934 பிப்ரவரியில் உள்நாட்டுப் போர் மூண்டு கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது ராணுவம் பீரங்கியால் சுட்டது. கட்சி தடை செய்யப்பட்டது. ஹைம்ஹோஃபின் பொதுச் சமையலும் அத்தோடு முடிந்தது.

அடுத்த பெரிய திருப்பம் 1991இல் வந்தது. நகரத் திட்டமிடுநர் ஏவா கைல் தம் தோழியரோடு சேர்ந்து ஒரு புகைப்படக் கண்காட்சி நடத்தினார். ‘பொதுவெளி யாருக்குச் சொந்தம்?’ என்பது தலைப்பு. வெவ்வேறு வயதும் சூழலும் கொண்ட பெண்கள் ஒரு நாளை நகரத்தில் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைப் படங்கள் தொடர்ந்தன. போக்குவரத்துத் திட்டங்கள் அதுவரை ஒரே ஒரு பயணத்தைத்தான் கணக்கில் எடுத்திருந்தன: காலையில் வீட்டிலிருந்து வேலைக்கு, மாலையில் வேலையிலிருந்து வீட்டுக்கு. பெண்களின் பயணம் அப்படி நேர்கோடாக இல்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், வரும் வழியில் மருந்து வாங்கி, மாமியாரைப் பார்த்துவிட்டு, காய்கறிப் பையோடு வீடு திரும்பும் பயணம் அது. பெரும்பகுதி நடை, மீதி டிராம், ரயில். நிலையம் வீட்டருகே இருந்தாலும், நடுவே இந்தக் காரியங்களுக்கு இடம் இல்லையென்றால் அவளுக்கு அந்த அருகாமையால் பாதிப் பயன்தான். 1992இல் நகராட்சி பெண்களுக்கென்று ஒரு அலுவலகம் திறந்தது.

அந்த அலுவலகத்தின் முயற்சியில் எழுந்ததுதான் ‘ஃப்ராவன் வெர்க் ஷ்டாட்’. பெண், வேலை, நகரம் என்று மூன்று சொற்களை அடுக்கிய பெயர். 1993இல் பெண் கட்டடக்கலைஞர்களை மட்டும் அழைத்துப் போட்டி வைத்தார்கள். ஃபிரான்சிஸ்கா உல்மனின் பொதுத் திட்டத்துக்குள் அவரும் லீஸலோட்டெ பெரெட்டி, கிஸெலா போட்ரெக்கா, எல்ஸா ப்ரோஹாஸ்கா ஆகியோரும் ஆளுக்கொரு பகுதியை வடிவமைத்தார்கள். 1997இல் 357 வீடுகள் தயாராயின. டிராம் ஓடும் சாலையை ஒட்டியே குடியிருப்பு. வளாகத்துக்குள்ளேயே மழலையர் பள்ளி, மருந்துக் கடை, மருத்துவர் அறை. சமையலறை ஜன்னலிலிருந்து முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் தெரிவார்கள். ஒவ்வொரு மாடியிலும் குழந்தை வண்டி நிறுத்த இடம். படிக்கட்டு அகலமானது, பகல் வெளிச்சம் விழுவது, இரண்டு பேர் நின்று பேசக்கூடியது. சலவை அறையை நிலவறையில் ஒளித்து வைக்காமல் மேல்தளத்தில், மொட்டைமாடியை ஒட்டி வைத்தார்கள்.

முழுக்க வீடும் இல்லாத, முழுக்கத் தெருவும் இல்லாத இந்த இடங்களுக்குத் தமிழில் திண்ணை என்ற அழகான சொல் உண்டு. ஆனால் நம் திண்ணையில் சாய்ந்து ஊர்க்கதை பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. இடைவெளி இருந்தால் மட்டும் போதாது, அதில் யாருக்கு உரிமை என்பதையும் கேட்க வேண்டும்.

வியன்னாவின் பூங்காக்களும் இதையே காட்டின. பூங்காவுக்கு வரும் சிறுமிகளின் எண்ணிக்கை ஒன்பது வயதுக்கு மேல் சரிவதை 1990களின் நடுவில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஒரே பெரிய மைதானம், அதைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், பெண் பிள்ளைகள் விலகிக்கொண்டார்கள். 1999இல் ஐன்ஸீட்லர் பூங்காவை மாற்றி அமைத்தார்கள். பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, புதிய நடைபாதைகள் போட்டு, கைப்பந்தும் பூப்பந்தும் ஆட இடம் விட்டார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.

இந்தப் பாடங்கள் ஒரு புதுநகரத்தின் அளவுக்குப் போய்ச் சேர்ந்த இடம் ஆஸ்பெர்ன் ஸேஷ்டாட். பழைய விமானத் தளத்தின் 240 ஹெக்டேர் நிலத்தில், செயற்கை ஏரியைச் சுற்றி எழும் பகுதி. 2013 அக்டோபரில் மெட்ரோ அங்கே வந்துவிட்டது; குடும்பங்கள் குடியேறியது 2014இல். சந்தையின் போக்குக்கு விட்டால் மருந்துக் கடையும் ரொட்டிக் கடையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், முக்கியக் கடைவீதியில் எந்தக் கடை வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்டு வாடகைக்கு விட்டார்கள். அந்த வீதிக்கு மரியா டுஷ் பெயர். புகையிலை ஆலைத் தொழிலாளியாக இருந்து, 1919இல் ஆஸ்திரியாவின் தேசிய சபைக்குள் முதன்முதலாக நுழைந்த எட்டுப் பெண்களில் ஒருவர் அவர். அங்குள்ள பெரும்பாலான தெருக்களுக்குப் பெண்களின் பெயர்கள்தான். பெயர்ப் பலகை நிழல் தராது என்பதும் உண்மை. மரம் குறைவாக, கல் பாவிய சதுக்கங்கள் கோடையில் தகிக்கின்றன என்று விமர்சனம் எழுந்து, பிறகு பசுமையைக் கூட்ட வேண்டியிருந்தது.

இந்த நூறாண்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். நிலையத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே உள்ள இடம், சதுர அடிக் கணக்கில் விற்க முடியாத இடம். ஆகவே செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஆனால் பெண்ணின் நாள் பெரும்பாலும் அங்கேதான் கழிகிறது. பராமரிப்பு வேலையைத் திட்டமிடுவோர் வேலையென்று எண்ணினால் அந்த இடம் வரைபடத்தில் வரும். எண்ணாவிட்டால் அவள் நேரத்தைத் தின்னும். 1930இன் சலவைக்கூடம் அந்த வேலையை எண்ணியது, ஆனால் பெண் தலையிலேயே விட்டது. 1997இன் படிக்கட்டும் மாடியும் அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்தன. கண்ணுக்குத் தெரியும் வேலையில்தான் பங்கு கேட்க முடியும்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு குடியிருப்பின் வரைபடம் கையில் கிடைத்தால் நீச்சல் குளத்தைத் தேடாதீர்கள். அங்கே வீட்டுவேலைக்கு வரும் பெண் ரயிலிலிருந்து இறங்கி, எந்த வழியாக உள்ளே நடப்பாள், எங்கே உட்காருவாள், எந்தக் கழிப்பறைக்குப் போவாள் என்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள்.