உறைந்த விதைநெல்லும் பதினான்கு ஊசியும்

பெண்ணாடம் பகுதிச் சிற்றூர்களில் முதியோரிடம் நாய்க்கடியைப் பற்றிப் பேச்செடுத்தால், "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்பதே பெரும்பாலும் முதலில் வரும் மறுமொழி. வெள்ளாற்றங்கரையிலும் கரும்பு வயல் வரப்பிலும் நடமாடும் உழைப்பாளிக்கு நாயின் பல்லைவிட அந்த ஊசியே பேரச்சமாக இருந்த காலம் உண்டு. இன்று அந்த ஊசி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் இடும் சிறு ஊசியோடு காரியம் முடிந்துவிடுகிறது. இம்மாற்றத்தின் பின்னே, உயிருள்ள அணுக்களைக் கெடாமல் உறைய வைத்துக் காக்கும் அரியதோர் கலையின் வரலாறு மறைந்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1885 ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பூசி இட்டார். நோய் ஏற்றப்பட்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி அம்மருந்தை அவர் உருவாக்கியிருந்தார். இந்தியாவில் 1900இல் கசௌலியில் பாஸ்டர் நிறுவனம் தோன்றியது. தென்னாட்டவர் அவ்வளவு தொலைவு பயணம் செய்வது இயலாததாக இருந்தது; 1907இல் நீலகிரியின் குன்னூரில் தென்னிந்தியாவுக்கென ஒரு நிறுவனம் எழுந்தது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பார், ஆட்டின் மூளையில் நச்சுயிரியை வளர்த்து, பீனால் சேர்த்து அதனைக் கொன்று, எளிதில் அனுப்பத்தக்க மருந்தொன்றை ஆக்கினார். செலவு குறைந்த அம்மருந்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. அந்நன்றியை நாம் மறத்தலாகாது.

ஆயினும் அம்மருந்தில் ஒரு குறை இருந்தது. ஆட்டு மூளையின் நரம்புப் பொருளும் ஊசியோடு மனித உடலுள் சென்றது. அதை எதிர்க்க முற்பட்ட உடல், சிலரிடத்தில் தன் நரம்புகளையே பகையெனத் தாக்கியது. நாய்க்கடியிலிருந்து தப்பியவர்களுள் ஒரு சிலர் மருந்தினாலேயே பக்கவாதமுற்றனர். உயிர் துறந்தோரும் உண்டு. மருந்தின் வீரியம் குறைவானதால் வயிற்றில் நாள்தோறும், ஏழு முதல் பதினான்கு நாள்வரை, ஊசி இட நேர்ந்தது. நாட்கூலிக்குச் செல்வோர் பதினான்கு நாள் வேலையிழந்து மருத்துவமனைக்கு நடப்பது எங்ஙனம்? பாதியில் நிறுத்திக்கொண்டவர் பலர்.

மூளையை விடுத்து, கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் உயிரணுக்களில், அதாவது நாம் பள்ளியில் 'செல்' எனப் படித்தவற்றில், நச்சுயிரியை வளர்த்தால் இக்குறை நீங்கும். ஆனால் அதில் வேறொரு சிக்கல் எழுந்தது. கலத்தில் வளரும் அணு ஓயாது பிரிந்து பெருகும். பெருகப் பெருக அதன் இயல்பு மாறும். என்றேனும் ஒருநாள் கிருமி புகுந்து முழுவதும் பாழாகும். இவ்வாண்டு நல்ல மருந்து தந்த அணு, பத்தாண்டு கழித்து அதே அணுவாக இராது. நம் உழவர் இதற்கு விடை கண்டவர்கள். எத்தனை பசி வந்தாலும் விதைநெல்லை உண்ணாமல் குதிரில் காப்பர். அடுத்த விதைப்புக்கு அதிலிருந்தே எடுப்பர். உயிரணுவுக்கு அத்தகைய குதிர் யாது?

கடுங்குளிர்தான் அக்குதிர் என்பதை ஓரளவு முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் இத்தாலியக் குருவானவர் லாசரோ ஸ்பல்லன்சானி. பனியில் வைத்த விந்தணுக்கள் அசைவற்றுப்போய், வெப்பம் பட்டதும் மீண்டும் அசைந்ததை 1776இல் அவர் எழுதி வைத்தார். எனினும் முற்றிலும் உறைந்த அணுக்கள் பெரும்பாலும் மடிந்தன. 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர் சேவலின் விந்தை உறையவைக்க முயன்றுகொண்டிருந்தனர். சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்த ஒரு புட்டி அதிசயமாக அணுக்களைக் காத்தது. ஆராய்ந்தபோது, பெயர்ச்சீட்டு மாறியிருந்த அப்புட்டியில் இருந்தது கிளிசரின் எனத் தெரிந்தது.

அது காத்ததன் காரணத்தை ஜேம்ஸ் லவ்லாக் 1953இல் விளக்கினார். நீர் உறையும்போது உப்பு உறையாமல் ஒதுங்கி, எஞ்சிய நீரில் செறிந்து அணுவைக் கொல்லும். கிளிசரின் அச்செறிவைத் தணிக்கிறது. அவரே 1959இல் பிஷப் என்பவரோடு சேர்ந்து, அணுவினுள் விரைந்து புகும் டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் மற்றொரு திரவத்தைக் கண்டறிந்தார். மிக மெல்லக் குளிர்வித்தால் உப்பும் வறட்சியும் கொல்லும். மிக விரைந்து குளிர்வித்தால் அணுவினுள்ளேயே பனிக்கட்டி உண்டாகிக் கிழிக்கும் என்பதைப் பின்னர் பீட்டர் மேசூர் தெளிவுபடுத்தினார். ஆகவே நிமிடத்திற்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, சுழிக்குக் கீழே 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் வைப்பதும், வேண்டும்போது 37 டிகிரி நீரில் விரைந்து உருக்குவதும் ஆய்வகங்களின் வழக்கமாயின. மெல்ல உறைய வை, விரைந்து எழுப்பு என்பதே அதன் சுருக்கம்.

இக்கலை நம் சிற்றூர்களுக்குப் புதிதன்று. கால்நடை மருந்தகத்தில் மூடியைத் திறந்ததும் வெண்புகை எழும் கலனை நம் உழவர் அறிவர். 'சினை ஊசி'க்கான உறைவிந்து அதே திரவ நைட்ரஜனில்தான் கிடக்கிறது.

உறையவைக்கும் அணுக்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கேட்டாக வேண்டும். 1954இல் உறையவைக்கப்பட்ட முதல் மனித அணுக்களுள் சில, 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் ஏழை அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து அவரைக் கேளாமலே எடுக்கப்பட்டவை. 1960களில் மனித அணுவில் முதலில் வளர்த்த வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பயன்பட்ட அணுக்களோ, 1962இல் கருக்கலைப்புச் செய்யப்பட்ட ஒரு சிசுவின் திசுவிலிருந்து வந்தவை. இது மனச்சான்றை உறுத்தும் செய்தியே. இத்தகைய அணுக்களால் ஆன தடுப்பூசிகளைக் குறித்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008இல் கருத்துரைத்தது. பிள்ளையின் நலனுக்கு ஆபத்து இருக்குமிடத்தில் பெற்றோர் அவற்றை ஏற்கலாம். ஆனால் தம் மறுப்பைத் தெரிவித்து, வேறு வகையைக் கேட்கவும் வேண்டும் என்றது. வெறிநோய்க்கு அந்த வேறு வகை முன்னரே உண்டாகியிருந்தது. 1962 மார்ச்சில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுரா, கவகிதா என்போர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 'வீரோ' என்னும் அணுவரிசையை வளர்த்தெடுத்தனர். எஸ்பெரான்டோ மொழியில் பச்சைச் சிறுநீரகம் எனப் பொருள்படும் சொற்களின் சுருக்கம் அப்பெயர். அம்மொழியிலேயே 'வீரோ' என்றால் உண்மை. 1987இல் உலக சுகாதார நிறுவனத்துக்கென இவ்வணுக்களின் வைப்பு ஒன்று அமைக்கப்பட்டு, நைட்ரஜனில் உறங்குகிறது. உலகின் பல தடுப்பூசிக் கூடங்களுக்கு அதுவே விதைநெல்.

இனி வருவதே நம்மைச் சிந்திக்க வைப்பது. ஆட்டு மூளை மருந்தைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 1984 முதல் வற்புறுத்தி வந்தது. அணுக்களில் வளர்த்த நல்ல மருந்து 1980களிலேயே நம் நாட்டில் விலைக்குக் கிடைத்தது. பணமுள்ளோர் அதை வாங்கிக் கையில் இட்டுக்கொண்டனர். இல்லாதோர் அரசு மருத்துவமனையில் வயிற்றைக் காட்டி நின்றனர். ஒரே தெருவில், ஒரே நாய் கடித்த இருவருக்கு இருவேறு மருந்து! இந்தியாவில் ஆட்டு மூளை மருந்தின் உற்பத்தி நின்றது 2004 டிசம்பரில். இருபதாண்டுகள் தடையாக இருந்தது அறிவியலின் இயலாமையன்று. ஏழையின் உடலுக்கு நாம் இட்ட மதிப்பு.

அதன்பின் நல்லவையும் நடந்தன. குன்னூர் நிறுவனம் வீரோ அணுக்களில் மருந்து செய்யக் கற்றது. 2006இல் தோலினுள் சிறிதளவே இடும் முறைக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. ஒருவருக்கான மருந்து பலருக்குப் போதுமானதாயிற்று; நான்கு முறை வந்து போனால் போதும். அரசு நிலையங்களில் இது இலவசம். இருந்தும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவன ஆய்வாளர்களின் கணிப்பின்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இந்நோயால் இறக்கின்றனர். அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஊசியோ ஏறக்குறைய முழுமையாகக் காக்க வல்லது. ஆகவே இச்சாவுகளில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை.

கடித்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக. மஞ்சளும் மிளகாய்த்தூளும் அப்பாது, அன்றே சுகாதார நிலையம் செல்க. எல்லாத் தவணைகளையும் முடிக்க. ஆழ்ந்த கடியாயின் காயத்தைச் சுற்றி இடும் எதிர்ப்புச் சீரத்தையும் கேட்டுப் பெறுக. பழைய பதினான்கு ஊசியை எண்ணி இன்னும் அஞ்சும் அண்டை வீட்டாருக்கு இதைச் சொல்லி உடன் அழைத்துச் செல்வது நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடியது. விதைநெல்லைக் குதிரிலே காப்பது அறிவு. அதன் விளைச்சல் கடைசி வீட்டு அடுப்புக்கும் சேரும்படி பார்த்துக்கொள்வது அறம். முன்னதை மனித குலம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டது. பின்னதை நாம் இன்னும் கற்று முடிக்கவில்லை.