டாக்டர் ஊரில் இல்லாதபோது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்லண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கிளினிக் நடத்திவந்த டாக்டர் ஏமஸ் ஜான்சன், 1960களில் அந்நாட்டுப் பொதுமருத்துவர்கள் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். கூட்டம், மாநாடு என்று அவர் அடிக்கடி வெளியூர் போவார். கிளினிக் மட்டும் பூட்டிக் கிடக்காது. ஹென்றி லீ ட்ரெட்வெல் என்ற கறுப்பின உதவியாளர் பார்த்துக்கொள்வார். ட்ரெட்வெல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அல்ல. ஜான்சன் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துத் தொழில் பழகியவர்.

டியூக் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் தலைவர் யூஜின் ஸ்டெட் இந்த ஏற்பாட்டை அறிந்திருந்தார். ஒரு டாக்டருக்கு ஒரு ட்ரெட்வெல் கிடைத்தால் எத்தனை கிராமங்கள் பிழைக்கும் என்ற கணக்கு அவருக்குள் ஓடியது. ஆனால் அவர் முதலில் நாடியது நர்சுகளைத்தான். 1950களின் கடைசியில் தெல்மா இங்கிள்ஸ் என்ற செவிலியர் பேராசிரியருடன் சேர்ந்து, அனுபவமுள்ள நர்சுகளுக்கு டியூக்கில் ஒரு மேற்பயிற்சியைத் தொடங்கினார். செவிலியர் கல்விக்கான தேசிய அமைப்பு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஸ்டெட் கடற்படைப் பக்கம் திரும்பினார். கப்பலிலும் களத்திலும் காயம்பட்டவர்களைக் கவனித்த கார்ப்ஸ்மேன்கள், சீருடையைக் கழற்றியதும் அந்தத் திறமைக்கேற்ற வேலையில்லாமல் நின்றார்கள். 1965 அக்டோபரில் அவர்களில் நான்கு பேர் டியூக்கில் சேர்ந்தனர். 1967 அக்டோபர் 6 அன்று மூன்று பேர் படிப்பை முடித்து வெளியே வந்தனர். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற தொழில் இப்படித்தான் பிறந்தது.

அதே 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில், பொதுச் சுகாதாரச் செவிலியர் லோரெட்டா ஃபோர்டும் குழந்தைநல மருத்துவர் ஹென்றி சில்வரும் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களில் குழந்தைகளைப் பரிசோதிக்க நர்சுகளைத் தயார்செய்வதே அவர்கள் நோக்கம். டியூக்கில் நடந்ததும் கொலராடோவில் நடந்ததும் ஒரே பஞ்சத்துக்கான இரண்டு மருந்துகள். ஆனால் இரண்டு தரப்புக்கும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. 1966இல் ‘லுக்’ பத்திரிகை டியூக் மாணவர்களைப் பற்றி எழுதியபோது, அவர்களை நர்சுக்கு மேலே, டாக்டருக்குக் கீழே என்று தலைப்பிலேயே நிறுத்தியது. நர்சுகள் கொதித்தார்கள். நியாயமான கோபம்தான்: பல ஆண்டுகள் வார்டில் உழைத்தவர்களுக்கு மேலே, நேற்று வந்த ஒரு தொழில் உட்கார்ந்துகொண்டது. 1970இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒரு லட்சம் நர்சுகளை இந்த உதவியாளர்களாக மாற்றலாம் என்று அறிவித்தது எரிகிற தீயில் எண்ணெயானது. ஆனால் இன்றைக்குப் பல அமெரிக்க மருத்துவமனைகள் இரு தரப்பாரையும் ஒரே பயிற்சி வகுப்பில் உட்கார வைக்கின்றன.

கிராமத்துக்கென்று பிறந்த தொழில் நகரத்து ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைய அதிக காலம் பிடிக்கவில்லை. 1967இலேயே அலபாமாவின் பர்மிங்காமில் இதய அறுவை மருத்துவர் ஜான் கர்க்லின், அறுவைச் சிகிச்சைக்கு மட்டுமான உதவியாளர் படிப்பைத் தொடங்கினார். 1971இல் நியூயார்க் பிராங்ஸ் பகுதியின் மாண்டிஃபியோர் மருத்துவமனை இன்னொரு படி மேலே போனது. ஏற்கெனவே படிப்பை முடித்த பிசிஷியன் அசிஸ்டென்ட்களை எடுத்து, இளம் டாக்டர்களைப் போலவே சுழற்சி முறையில் அறுவைத் துறையில் பயிற்றுவித்தது. பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி என்ற எண்ணத்தின் வேர் அங்கேதான். 1988இல் இத்தகைய பயிற்சிகளுக்கென ஒரு சங்கமே உருவானது. நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு இதே வழி 2007இல்தான் திறந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் சமூக சுகாதார மையம் ஒன்றில் மார்கரெட் ஃபிளின்டர் அதைத் தொடங்கிவைத்தார்.

காது மூக்கு தொண்டைத் துறை இந்த வரிசையில் பின்னால்தான் வந்தது. இத்தனைக்கும் அது இளைய துறை அல்ல. அமெரிக்காவில் சிறப்பு மருத்துவர்களுக்குச் சான்று தரும் வாரியங்களில் கண்ணுக்கு அடுத்து இரண்டாவதாக, 1924இல் அமைந்தது இதன் வாரியம்தான். தாமதத்துக்குக் காரணம் அந்த உறுப்புகளின் அமைப்பிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. எல்லாம் குறுகலான, இருட்டான துவாரங்கள். 1854இல் மனுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர், பல் வைத்தியர் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, சூரிய ஒளியில் தன் குரல்வளையைத் தானே பார்த்தார். குரலை ஆராய வந்தவர் ஒரு மருத்துவத் துறைக்கே கருவி கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பின் நெற்றிக் கண்ணாடி வந்தது, நடுவில் ஓட்டை போட்ட அந்த வட்டக் கண்ணாடி சினிமாவில் டாக்டர் வேடத்துக்கே அடையாளமாகிவிட்டது. அதில் ஒரு சங்கடம் உண்டு. பார்க்கிறவர் ஒருவர்தான். பக்கத்தில் நிற்கும் மாணவருக்கு நோயாளியின் வாய் தெரியும், நோய் தெரியாது. தோளோடு தோள் நின்று பார்த்துப் பழகும் ட்ரெட்வெல் வழி இந்தத் துறையில் பாதியிலேயே நின்றுவிடும்.

1968இல் ஜப்பானில் சவாஷிமா, ஹிரோசே இருவரும் வளையும் கண்ணாடி இழைக் குழாயை மூக்கு வழியே விட்டுக் குரல்வளையைப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். பின்னாளில் அந்தக் குழாயோடு கேமராவும் திரையும் சேர்ந்தன. குழாயைப் பிடித்திருக்கும் பயிற்சியாளரும், பின்னால் நிற்கும் ஆசிரியரும், சமயத்தில் நோயாளியும்கூட ஒரே படத்தைப் பார்க்க முடிந்தது. டாக்டரல்லாத கைகளுக்கும் இந்தத் துறை திறந்ததில் சட்டங்களைவிட அந்தத் திரைக்கே பங்கு அதிகம்.

வேறொரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 1984இல் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்த்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். தூக்கமில்லாமல் உழைக்கும் பயிற்சி டாக்டர்களைப் பற்றி பத்திரிகையாளரான அவர் தந்தை எழுப்பிய கேள்வி நாடு முழுவதும் விவாதமானது. 1989இல் நியூயார்க் மாநிலம் அவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. 2003 ஜூலையில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்பது நாட்டுக்கே விதியானது. டாக்டர்கள் வீட்டுக்குப் போன நேரத்தில் வார்டை யார் பார்ப்பது? கழுத்தில் புற்றுநோய்க் கட்டியை அகற்றி, உடலின் வேறிடத்துத் தசையை எடுத்துப் பொருத்திய நோயாளி என்றால், அந்தத் தசையில் ரத்தம் ஓடுகிறதா என்று முதல் சில நாட்கள் திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும். மூச்சுக்குழாயில் துளையிட்டு வைத்த குழாய் நடு இரவில் அடைத்துக்கொண்டால் நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். பிசிஷியன் அசிஸ்டென்டும் நர்ஸ் பிராக்டிஷனரும் அந்த இடத்துக்குத் தேவைப்பட்டார்கள்.

ஆனால் அவர்கள் படித்து வந்தது பொதுமருத்துவம். பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு சுமார் 27 மாதம். அதில் காது மூக்கு தொண்டைக்குக் கிடைப்பது, கிடைத்தால், சில வாரங்கள். அரிசோனாவில் மேயோ கிளினிக் நடத்துவது போன்ற 12 மாதப் பயிற்சிகள் அந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தன. நுண்ணோக்கி வைத்துக் காதுக் குரும்பி எடுப்பது, மூக்கு வழியே குழாய் செலுத்துவது, நிற்காத மூக்கு ரத்தத்தை அடைப்பது, டான்சிலை ஒட்டிய சீழ்க்கட்டியைக் கீறுவது, கேட்கும்திறன் வரைபடத்தைப் படிப்பது, தியேட்டரில் டாக்டருக்கு எதிரே நின்று கைகொடுப்பது என்று கைப்பழக்கமே பிரதானமான பாடங்கள் இந்தப் பயிற்சிக்கு உரியவை.

இந்த ஓராண்டு கட்டாயமில்லை. நேராக வேலைக்குப் போனால் கிடைக்கும் சம்பளத்தைவிடப் பயிற்சி உதவித்தொகை குறைவு. வேறு எதிர்ப்பும் உண்டு. இன்று இதயம், நாளை எலும்பு என்று துறை மாறிக்கொள்ளும் சுதந்திரம் இந்தத் தொழிலின் பெரிய பலம். இந்தப் பயிற்சி மெல்ல மெல்லக் கட்டாயமாகிவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும் என்பது எதிர்ப்பாளர் வாதம். வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் மூச்சுக்குழாயை முதல்முறை மாற்றும் கை, ஆசிரியர் பார்வையில் மாற்றட்டும் என்று விரும்பாத நோயாளி இருக்க முடியாது.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் வந்தது சென்னை வழியாகத்தான். 1992இல் இதய அறுவை மருத்துவர் கே.எம்.செரியன் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கினார். இங்கே அது கிராமத்தில் தொடங்காமல் நேராக இதய அறுவைத் தியேட்டரில் தொடங்கியது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. காது மூக்கு தொண்டைத் துறைக்கும் இங்கே அவர்கள் தேவை. தமிழகத்தில் ஆறு வயதுக்குட்பட்ட காது கேளாக் குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டில், கேட்கவைக்கும் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. அறுவை ஒரு நாள் வேலை. அந்தக் குழந்தையைக் கவனிப்பது ஆண்டுக்கணக்கான வேலை. பி.எஸ்சி. முடித்து வருகிற பிசிஷியன் அசிஸ்டென்ட்களில் சிலரையாவது ஓராண்டு இதற்கென்றே பயிற்றுவிக்க நம் மருத்துவக் கல்லூரிகள் முன்வர வேண்டும்.