புகார் சொல்லாத சிப்

ஆர்ம் சிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாராவது இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். 1985 ஏப்ரல் 26, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் சிப் உயிர்பெற்றது. அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்தால் மீட்டரில் பூஜ்யம். பார்த்தால், சிப்புக்கு மின் இணைப்பே கொடுத்திருக்கவில்லை. மற்ற கம்பிகள் வழியே கசிந்த மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது!

எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் சுமார் 25,000 டிரான்சிஸ்டர்களில் முடிந்த அந்தச் சிக்கனமான வடிவமைப்பில் ஒரு விஷயத்துக்கு இடமில்லை: ஒரே சிப்பை இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்கள் பங்கு போட்டுக்கொள்வது.

அப்படிப் பங்கு போடுவது அன்றைக்கே பழைய யோசனை. இன்னொரு கேம்பிரிட்ஜில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஐபிஎம்காரர்கள் 1960களிலேயே ஒரு பெரிய கணினியைப் பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியும் தனக்கே என்று தோன்றும். 1974இல் போப்பெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் இதற்கான விதியை எழுதினார்கள். வாடகை வீட்டை வைத்து யோசித்துப் பாருங்கள். குடியிருப்பவர் தன் சொந்த வீடு என்றே நம்பி வாழலாம். ஆனால் மெயின் சுவிட்சில் கை வைத்தால் ஓனருக்கு மணி அடிக்கணும். ஓனர் வந்து, நிஜ சுவிட்சைத் தொடாமல், அந்த வீட்டுக்கு மட்டும் கரண்ட் போன மாதிரி காட்டிவிடுவார். அந்த ஓனர்தான் ஹைப்பர்வைசர்.

ஆர்மில் அந்த மணி எல்லா இடத்திலும் அடிக்காது. உதாரணத்துக்கு, 'இன்டரப்ட்டை நிறுத்து' என்று ஒரு கட்டளை. அதிகாரம் இல்லாத நிலையிலிருந்து அதைக் கொடுத்தால் சிப் மறுப்பதில்லை, பிழை என்றும் சொல்வதில்லை. பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். உள்ளே ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமோ வேலை முடிந்ததாக நம்பிக்கொண்டிருக்கும். சத்தம் போட்டு விழும் புரோகிராமைச் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் பொய் சொல்வதைக் கண்டுபிடிக்கத்தான் ராத்திரிகள் போகும். இது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

இன்டெல் சிப்புகளுக்கும் இதே வியாதி இருந்தது. விஎம்வேர் 1999இல் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி அதைத் தாண்டியது. ஆர்ம் அப்போது போன்களுக்குள் இருந்ததால் யாருக்கும் அவசரமில்லை. 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் டாலும் ஜேசன் நியேவும் வேறு வழியில் போனார்கள். லினக்ஸின் மூல நிரலிலேயே அந்த ஊமைக் கட்டளைகளைத் தேடி, அவற்றுக்குப் பதில் ஹைப்பர்வைசரை அழைக்கும் வரிகளை வைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார்கள். மூல நிரல் கையில் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

அதே ஆண்டில் ஆர்ம் நிறுவனமும் சிப்பிலேயே தீர்வை அறிவித்தது: கெர்னலுக்கும் மேலே ஹிப் என்றொரு அதிகார நிலை. அதிலும் ஒரு சிக்கல். சின்னதான, தனி ஹைப்பர்வைசருக்காக வடிவமைத்த அந்த நிலைக்குள் லினக்ஸ் கெர்னல் அப்படியே போய் உட்கார முடியாது. எனவே டாலும் நியேவும் கேவிஎம் ஹைப்பர்வைசரை இரண்டாகப் பிரித்தார்கள். சின்னத் துண்டு மேலே, மீதி வழக்கமான கெர்னலில். 2013இல் லினக்ஸ் 3.9இல் அது சேர்ந்தது. பிறகு ஆர்ம் 8.1 வடிவமைப்பு கெர்னலையே மேல் நிலையில் ஓட அனுமதித்தது. மென்பொருளுக்காக சிப் வளைந்துகொடுத்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

2018இல் அமேசான் தன் ஆர்ம் சிப்பான கிராவிட்டானை வாடகைக்கு விட்டது. முகம் தெரியாத பலர் இன்று ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். ஒருவர் தரவு இன்னொருவர் கைக்குப் போகாமலிருக்க அந்த மணி அடித்தே ஆகணும்.

2020இல் எம்1 மேக்புக் வந்தபோது பலருக்கும் வேறொரு குழப்பம். இன்டெலுக்காகச் செய்த பழைய விர்ச்சுவல் மெஷின்கள் ஏன் ஓடவில்லை? விர்ச்சுவல் மெஷின் வீட்டைப் பிரிக்கும், மொழியை மாற்றாது. ஆர்ம் லினக்ஸ் அதில் கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடும். இன்டெல் கட்டளைகளை ஆர்முக்கு மொழிபெயர்ப்பது எமுலேஷன், மெதுவான வேலை. கல்லூரி லேபில் கொடுத்த ஃபைல் உங்கள் புது லேப்டாப்பில் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த சிப்புக்காகச் செய்தது என்பதைத்தான்.