பட்டன் கத்தி: 'க்ளிக்' சத்தத்தில் மயங்கும் முன் இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது இப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டிருக்கும். கையில் ஒரு கறுப்புப் பிடி. கட்டைவிரல் லேசாக அசைகிறது. 'க்ளிக்'... பிளேடு வெளியே! மறுபடி 'க்ளிக்'... பிளேடு உள்ளே! கீழே கமென்ட்டில் "எங்க வாங்கலாம் ப்ரோ?" என்று ஒரு பெரிய க்யூ.

ஆங்கிலத்தில் 'ஆட்டோமேட்டிக் நைஃப்', நம் ஊரில் 'பட்டன் கத்தி'. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைச் சேகரிப்பதே பலருக்கு ஹாபி. புது டிசைன் ஒன்று வந்துவிட்டால் பிடி, ஸ்பிரிங், ஸ்டீல் என்று பிரித்து மேய்ந்துவிடுவார்கள். அவர்கள் எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்? செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ இருக்கும் நீங்கள் அதை வாங்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எது ஆட்டோமேட்டிக்?

மடக்குக் கத்திகளில் மூன்று ரகம் உண்டு. விரலால் முழுசாகத் திறப்பது சாதா ரகம். பேனாக்கத்தி, சுவிஸ் ஆர்மி கத்தி எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, 'அசிஸ்டட்'. பிளேடை நீங்கள் கொஞ்சம் தள்ளினால், மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதுதான் ஆட்டோமேட்டிக். பிளேடைத் தொடவே வேண்டாம், பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் போதும்.

ஆட்டோமேட்டிக்கிலும் இரண்டு வகை. பக்கவாட்டில் சுழன்று திறப்பது ஒன்று. பிடியின் முன்பக்கத்திலிருந்து நேராகப் பாய்வது இன்னொன்று. இதைத்தான் 'ஓ.டி.எஃப்' என்கிறார்கள். ரீல்ஸில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

நியூயார்க்கிலிருந்து ராம்பூர் வரை

ஸ்பிரிங் கத்திகள் 19-ம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தன. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் 1892-ல் பட்டன் கத்திக்குக் காப்புரிமை வாங்கி, அதைத் தொழிற்சாலைச் சரக்காக மாற்றினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியின் மனியாகோ நகரத்து ஒல்லிக் கத்திகள் அமெரிக்காவுக்குள் பரவின. சினிமாவில் ரவுடி கையில் இதைப் பார்த்துப் பார்த்தே மக்களுக்குப் பயம் வந்தது. 1958-ல் அமெரிக்க மத்திய அரசும், 1959-ல் பிரிட்டனும் சட்டம் போட்டன. அமெரிக்கச் சட்டத்தில் 2009-ல் ஒரு திருத்தம் வந்து, அசிஸ்டட் ரகத்துக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

நம் நாட்டில் பட்டன் கத்தி என்றாலே உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர்தான். இந்தி சினிமா வில்லன்கள் கையில் விரியும் 'ராம்பூரி சாகு' அங்கே கையால் செய்யப்படுவது. 1990-களில் 4.5 அங்குலத்துக்கு மேல் பிளேடு இருக்கக் கூடாது என்று அந்த மாநில அரசு தடை விதிக்க, தொழில் படுத்துவிட்டது. பழைய பேரை மீட்க, 2023-ல் ராம்பூரில் சுமார் 20 அடி உயரக் கத்தியைச் சிலையாகவே நிறுத்தியிருக்கிறார்கள்.

புது டிசைன் வந்தால் என்ன பார்க்கிறார்கள்?

புதுசாக வாங்குபவர் முதலில் பார்ப்பது வேகம். அனுபவசாலி அதைக் கடைசியாகத்தான் பார்ப்பார். ஏன் என்பது இந்த லிஸ்ட்டைப் படித்தால் புரியும்.

* லாக்: திறந்த பிளேடு, வேலை செய்யும்போது விரல்மேல் மடங்கிவிடக் கூடாது. பக்கவாட்டில் திறக்கும் வகையில் பட்டனே லாக்காகவும் வேலை செய்யும். அந்தச் சின்ன உலோகத்துண்டு பிளேடோடு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதுதான் முதல் கேள்வி.

* ஆட்டம்: திறந்த பிளேடைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டு வகையில் ஆட்டம் இருந்தால் உடனே மைனஸ் மார்க். ஆனால், ஓ.டி.எஃப் வகையில் லேசான ஆட்டம் சகஜம். பிளேடு உள்ளே தடையில்லாமல் ஓடக் கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். இது தெரியாமல் 'டிஃபெக்ட் பீஸ்' என்று சண்டைபோடுபவர்களும் உண்டு.

* பாதி வழியில் நிற்குமா? ஒரே பட்டனில் வெளியேயும் உள்ளேயும் போய்வரும் ஓ.டி.எஃப்-பில், ஸ்பிரிங் கடைசிவரை பிளேடைத் தள்ளுவதில்லை. ஆரம்பத்தில் ஓர் உதை, மீதி தூரம் அந்த வேகத்திலேயே போய் லாக் ஆகும். நடுவில் எதிலாவது இடித்தாலோ, உள்ளே பஞ்சும் மணலும் சேர்ந்திருந்தாலோ பிளேடு பாதியில் நின்று தொளதொளவென்று ஆடும். பிறகு கையால் இழுத்துத்தான் லாக் பண்ண வேண்டும். கடற்கரைக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் இந்த 'மணல்' மேட்டரைக் கவனியுங்கள்.

* பாக்கெட்டில் தானாகத் திறக்குமா? பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஆபத்து. பிடியோடு சமமாகவோ சற்றுக் குழிவாகவோ இருக்க வேண்டும். தனியாக ஒரு சேஃப்டி சுவிட்ச் தேவையா என்பதில் சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சி. 'கட்டாயம் வேணும்' என்பது ஒன்று. 'அழுத்தமான பட்டன் போதும், சுவிட்ச் என்பது ரிப்பேராக இன்னொரு பாகம்' என்பது மற்றொன்று.

* பிரித்துச் சுத்தம் செய்ய முடியுமா? சாதா ஸ்க்ரூ போட்டிருந்தால் சந்தோஷம். கம்பெனிக்கு மட்டுமே திறக்கத் தெரிந்த ஸ்க்ரூ என்றால் முணுமுணுப்பு.

* ஒரிஜினலா? பேர்போன மாடல்கள் எல்லாவற்றுக்கும் டூப்ளிகேட் உண்டு. வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும். ஸ்பிரிங்கும் ஸ்டீலும் சில மாதங்களில் சாயம் வெளுத்துவிடும்.

வேகத்துக்கு ஏன் கடைசி இடம் என்றால், ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டால் எந்த மட்டமான கத்தியும் படாரென்று திறக்கும். அந்த அடியைத் தினமும் வாங்கிக்கொண்டு லாக் எத்தனை வருஷம் தாங்கும் என்பதில்தான் டிசைனரின் மூளை இருக்கிறது.

கடல் காத்துக்கு எந்த ஸ்டீல்?

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை வீடு இருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பியையும் பைக் செயினையும் விட்டுவைக்காத காற்று அது. கத்தியை மட்டும் சும்மா விடுமா?

பட்ஜெட் கத்திகளில் அதிகம் வரும் 'டி2' ஸ்டீலில் சுமார் 12 சதவிகிதம் குரோமியம் உண்டு. ஆனால், அதில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்துவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. துடைக்காமல் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 2021-ல் அறிமுகமான 'மேக்னாகட்' இந்தக் கணக்கையே மாற்றியது. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த இதில் குரோமியம் 11 சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனாலும், அது கார்பனிடம் மாட்டாமல் துருவைத் தடுக்கும் வேலையைப் பார்க்கிறது. கூர்மை, உறுதி, துருவைத் தாங்கும் தன்மை மூன்றும் ஒரே ஸ்டீலில் கிடைப்பதால், 'மேக்னாகட் இருக்கா?' என்பது இன்று சேகரிப்பாளர்களின் வழக்கமான கேள்வி.

இன்னொரு விஷயம். பிளேடு துருப்பிடிக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் பிடிக்கலாம். ஆட்டோமேட்டிக் கத்தியின் பலவீனமே அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் கொஞ்சம் சீரியஸாகப் படிக்க வேண்டும்.

'9 அங்குலத்துக்குக் கீழே இருந்தா பிரச்னையே இல்ல' என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பாதி உண்மை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு.

ஆனால், அதே சட்டத்தின் பிரிவு 4, குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வகை ஆயுதங்களுக்குத் தனியாகக் கட்டுப்பாடு கொண்டுவர அரசுக்கு அதிகாரம் தருகிறது. டெல்லியில் 1980-ல் வந்த அறிவிக்கை இதற்கு உதாரணம். அங்கே பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்திக்கு அளவுகோல் 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம். அதாவது வெறும் 3 அங்குலம்! இப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறை. டூர் போகும்போது பையில் கிடக்கும் கத்தி ஒரு கேஸாகவே மாறலாம்.

வெளிநாட்டு சைட்டில் ஆர்டர் போடுவது அடுத்த சிக்கல். ஆயுதங்களை இறக்குமதி செய்ய பிரிவு 10-ன் கீழ் உரிமம் வேண்டும். 'கேம்பிங் டூல்' என்று கவரில் எழுதியிருந்தாலும், கஸ்டம்ஸ் அதிகாரிகள் பிரித்துப் பார்த்து ஆயுதம் என்று முடிவு செய்தால் பார்சல் அவ்வளவுதான்.

ரீல்ஸ் மேட்டர் தனி. 2018 பிப்ரவரியில், பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவர் அரிவாளால் பிறந்தநாள் கேக் வெட்டிய விழாவை போலீஸ் சுற்றிவளைத்து, ஒரே இரவில் சுமார் 70 பேரைப் பிடித்தது ஞாபகம் இருக்கும். அதன் பிறகும் கத்தியோடு வீடியோ போட்டு மாட்டுகிற இளைஞர்கள் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. நீங்கள் சேகரிப்பாளரா, சீன் போடுபவரா என்று அந்த 15 விநாடி வீடியோவில் யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட், அரசு வேலை என்றால் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அப்போ இங்கே என்ன சேகரிக்கலாம்?

உலோகமும் கூர்மையும்தான் உங்களை இழுக்கிறது என்றால், பட்டன் இல்லாமலேயே இந்தப் பக்கம் விஷயம் நிறைய இருக்கிறது.

மதுராந்தகம் அருகே உள்ள சானூரில் 1950-களில் தொல்லியல் துறை அகழ்ந்த பெருங்கற்கால ஈமக்குழிகளில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்துக்குள் எட்டிப் பாருங்கள். கொற்றவையின் காலடியில் தன் தலையையே அரிந்து கொடுக்கத் தயாராக ஒரு வீரன் மண்டியிட்டிருப்பான். மகிஷாசுரமர்த்தினி குகையில் வாள், வில் எல்லாம் வரிசைகட்டும். ஏழாம் நூற்றாண்டு ஆயுதங்களைக் கல்லில் பார்க்கும் வாய்ப்பு இது. நிஜ ஆயுதங்களைப் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போகலாம். தஞ்சை அரண்மனையிலிருந்து வந்தவை அங்கே உள்ளன.

சிற்பப் பட்டறைப் பக்கம் போனால் உளிகளைக் கவனியுங்கள். முனை மழுங்கியதும் உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றுவார்கள். பதம் அதிகமானால் முனை உடையும், குறைந்தால் மடங்கும். மேக்னாகட் வடிவமைத்தவர் லேபில் தேடியதும் இதே சமநிலையைத்தான்!

சேகரிக்க ஆசை என்றால் சுவிஸ் ஆர்மி கத்தி, பழைய பேனாக்கத்தி, பாக்குவெட்டி என்று ஆரம்பிக்கலாம். பித்தளைப் பாக்குவெட்டிகளில் கிளி, குதிரை என்று எத்தனையோ வடிவங்கள் உண்டு. விமானத்தில் போனால் கேபின் பையில் எந்தக் கத்தியும் வேண்டாம், செக்-இன் லக்கேஜில் போடுங்கள். நூறு வருஷத்துக்கு மேல் பழைய கலைப்பொருள் கிடைத்தால், அதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் அனுமதிக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் பட்டன் கத்திமேல்தான் கண் என்றால், ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் மூன்று கேள்வி: பிளேடு நீளம் எவ்வளவு? எங்கே வைத்திருக்கப் போகிறீர்கள்? எதற்கு என்று போலீஸ் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வாய் வரவில்லை என்றால், அந்தக் காசுக்கு வீட்டுக்கு நல்ல சமையலறைக் கத்தி ஒன்றும் சாணைக்கல் ஒன்றும் வாங்கிவிடலாம். தினமும் வெங்காயம் நறுக்கும்போது அதன் அருமை தெரியும்.