குதிரைகள் இறங்கிய கரை

சரித்திர நாவல் எழுதுகிறவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கண்ணெதிரே இருக்கிற ஊரைப் பார்க்கமாட்டான். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்றே துழாவிக்கொண்டிருப்பான். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயில் ஏறிக் காயல்பட்டினத்தில் இறங்கினேன். நான் தேடிப் போனது குதிரைகளை.

"காயல்பட்டினத்தில் குதிரையா? முத்து என்று சொல்லும், ஒப்புக்கொள்கிறோம்" என்று நேயர்கள் சொல்லக்கூடும். சொல்வது நியாயந்தான். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோன வெனிஸ் நகரத்து மார்க்கோபோலோவைக் கேட்டுப் பாருங்கள். காயல் என்னும் பெரிய, சிறந்த நகரத்தைப் பற்றி அவர் சொல்லும்போது, ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலான மேற்றிசைத் துறைமுகங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் இங்கே வந்து தங்கிப்போகும் என்கிறார். பாண்டிய நாட்டை அப்போது ஆண்டவர்கள் சகோதரர் ஐவர் என்றும், அவர்களில் மூத்தவனுடைய நகரம் இது என்றும் குறிக்கிறார். அந்த மூத்தவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன் என்பது சரித்திராசிரியர்களின் முடிவு.

மார்க்கோபோலோவின் கணக்குப்படி இந்த அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாமல் குதிரை வாங்குகிறான். அவன் தம்பிமாரும் அவ்வாறே வாங்குகிறார்கள். வருஷ முடிவில் உயிரோடு மிஞ்சுவது நூறுகூட இல்லை! காரணம் என்ன? குதிரை வளர்க்கத் தெரியாதவர்கள் கையில் அது சிக்கியதுதான். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியனோ லாடம் அடிக்கிறவனோ இங்கே கிடையாது. விற்கிற வியாபாரிகளாவது அப்படி ஒருவனை அழைத்து வரக்கூடாதா? வரமாட்டார்கள். குதிரை பிழைத்துக் கிடந்தால் அடுத்த வருஷம் யார் வாங்குவது? வியாபார தந்திரம் நேற்று முளைத்த சங்கதியல்ல என்று தெரிகிறது.

இது ஒரு வெளிநாட்டுக்காரரின் மிகை என்று தள்ளிவிடலாம் என்றால், பாரசீகத்து வஸ்ஸாப் என்பவர் குறுக்கே வந்து நிற்கிறார். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீனோடு ஏற்பட்ட உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் இங்கே அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் விலை 220 பொன் தினார். வழியில் கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியனே பணம் கொடுத்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியனுக்கு மந்திரியாகவும் இருந்து காயல் துறையின் அதிகாரத்தையும் பெற்றிருந்தார் என்கிறார். விற்கிறவர் அண்ணன், வாங்குகிற ராஜாவுக்கு யோசனை சொல்கிறவர் தம்பி! வஸ்ஸாப் சொல்லும் தீனி வேறு: வறுத்த வாற்கோதுமை, நெய்யில் சமைத்த தானியம், காய்ச்சிய பசும்பால். பாலைவனத்துப் பிராணிக்கு மாப்பிள்ளை விருந்து! சாகாமல் என்ன செய்யும்?

இந்தக் காட்சிகளையெல்லாம் மனத்தில் நிரப்பிக்கொண்டுதான் மாலையில் கடற்கரைக்குப் போனேன். பரந்த வெண்மணல். கிழக்கே இலங்கை மறைத்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ அலைகளுக்கு அவ்வளவு ஆரவாரம் இல்லை. ஒவ்வொன்றாக வந்து, கரையைத் தொட்டு, அவசரமில்லாமல் திரும்பிப் போயின. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் ஈர மணலில் கோபுரம் கட்டினார்கள். பையன்கள் பந்து உதைத்தார்கள். எவருக்கும் எங்கும் போகவேண்டிய அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. கப்பல் ஒன்றையும் காணோம். குதிரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

என்னை அழைத்துப் போயிருந்த நண்பர், தமக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் அறிமுகம் செய்துவைத்தார். ஊர் வழக்கப்படி நண்பர் அவரைக் 'காக்கா' என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன்.

"காக்கா, மார்க்கோபோலோ வந்த காயல் இது இல்லை, பழையகாயல் என்று கால்டுவெல் எழுதியிருக்கிறாரே?" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். "கால்டுவெல் பார்த்தது மண்ணுக்குள்ள கிடந்த ஓட்டை, தம்பி. நாங்க இங்க உயிரோட இருக்கோமே, எங்களைப் பார்த்திருக்கலாமே!" என்றார்.

ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். இடையன்குடியில் வாழ்ந்தவர், கொற்கையிலும் பழையகாயலிலும் அகழ்ந்து பார்த்து 1877-இல் அதைப் பற்றி எழுதினார். பழையகாயலைச் சுற்றி நெடுந்தூரத்துக்குச் சீனப் பாண்டங்களின் ஓடுகளும் அரபுப் பாண்டங்களின் ஓடுகளும் சிதறிக் கிடந்ததைக் கண்டே அந்த முடிவுக்கு வந்தார். அதை மறுத்து, இந்தக் காயல்பட்டினமே அந்தக் காயல் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த வழக்கில் முக்கியமான சாட்சி ஒன்று உண்டு என்பேன். அந்தச் சாட்சி தாமிரபரணி நதி.

பொதிகையில் பிறந்து வயலெல்லாம் விளையவைத்து வருகிற இந்த நதிதான் முகத்துவாரத்தில் துறைமுகங்களையும் உண்டாக்கியது. கொண்டுவந்த வண்டலால் அவற்றைத் தூர்த்ததும் அதே நதிதான். சங்க காலத்து முத்துத் துறையான கொற்கையைக் கிரேக்கர்கள் 'கொல்கை' என்று அறிந்திருந்தார்கள். இன்று கொற்கையில் நின்றால் கடல் தெரியாது. ஆறேழு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. கொற்கை மண்ணேறியதும் காயல் தலையெடுத்தது. காயலும் மண்ணேறியது, போர்ச்சுக்கீசியர் வந்தபோது முகத்துவாரத்துப் புன்னைக்காயல் பேர்பெற்றது. பிறகு அதுவும் ஒதுங்க, ஆற்றுக்கே சம்பந்தமில்லாத தூத்துக்குடி மேலே வந்தது. காயல் என்றால் கடலை அடுத்த உப்பங்கழி. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் மூன்றும் ஒரே கழிமுகத்தின் பிள்ளைகள். தாயே இடம் மாறிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை மூத்தது என்று சண்டை போடுவானேன்?

மறுநாள் காலையில் ஊருக்குள் சுற்றினேன். பள்ளிவாசல்களின் கல்தூண்களைப் பார்த்தால் பாண்டி நாட்டுச் சிற்பியின் உளி பழகிய கை தெரிகிறது. 1387-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. உதயமார்த்தாண்டன் என்ற அரசன் இவ்வூர் ஜும்மா பள்ளிக்குத் தன் பெயரால் உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று பெயர் சூட்டியதை அது சொல்கிறது. காதியாருக்கும் தன் பெயரையே கொடுத்தான். வஸ்ஸாப் காட்டுகிற கொடுக்கல் வாங்கல் மட்டுமே இந்தக் கரையின் சரித்திரமல்ல, உறவும் இருந்தது என்பதற்கு அந்தக் கல் போதும்.

தெருக்களில் ஓர் அமைதி. வீட்டு வரிசைகளுக்கு நடுவே குறுகலான சந்துகள் ஓடுகின்றன, 'முடுக்கு' என்கிறார்கள். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர ஏற்பட்ட வழி. வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஏன் இப்படி என்று நான் கேட்பதற்குள் பெரியவரே சொன்னார்:

"ஆம்புளை கடல்ல போறவன், தம்பி. அவன் கொழும்புல இருப்பான், ஹாங்காங்ல இருப்பான். வீடு யாரு கையில இருக்கணும்? இருக்கிறவ கையிலதானே?"

எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கிற்று. கடற்கரையிலே நான் கண்ட நிதானமும் தெருவிலே கண்ட அமைதியும் சோம்பேறி ஊரின் லட்சணமல்ல. ஆண்கள் பலர் வெளியே போயிருக்கிற ஊரின் அமைதி அது. கப்பல் வருவது நின்று எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் ஊர் இன்னும் துறைமுகமாகவே வாழ்கிறது. ரத்தின வியாபாரம் என்றும் வேறு தொழில் என்றும் இலங்கை, ஹாங்காங், அரபு நாடு என்று போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். நதி துறையைத்தான் தூர்த்தது. கடலோடும் குணத்தைத் தூர்க்கவில்லை.

இந்தக் குணத்தோடு அந்தக் குதிரைகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கருவூலத்தைக் கொட்டி வாங்கிய குதிரைகளால் பாண்டியர்களுக்கு என்ன ஆயிற்று? குலசேகரன் இறந்ததும் பிள்ளைகள் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டார்கள். 1311-இல் மாலிக் காபூர் வந்தான். அவன் தெற்கிலிருந்து டில்லிக்குக் கொண்டுபோன குதிரைகள் 5,000 என்று அமீர் குஸ்ரு சொல்கிறார். 20,000 என்று பரணி சொல்கிறார். அரபு நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, நெய்யும் பாலும் தின்று, சாகாமல் தப்பிய குதிரைகளில் பலவும் அந்தக் கூட்டத்தில் நடந்து போயிருக்கும்.

புறப்படும்போது பெரியவர் 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார். டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருஷத்து மழைக்கும் மேலானது அது. தாமிரபரணி கரைபுரண்டு வயலும் ஊரும் ஒன்றாயின. ரயில் பாதை அரித்துப் போய், திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது.

"ஆத்துக்குப் பழைய வழி மறக்கல, தம்பி" என்றார் பெரியவர்.

ஊருக்கு வந்ததும் என் நாவலின் முதல் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். கப்பலிலிருந்து தோணியில் இறக்கிய வெள்ளைக் குதிரை ஒன்று கனைத்துக்கொண்டு அலையில் பாய்கிறது. கரையில் பாண்டிய இளவரசன் நிற்கிறான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குதிரையின் விலையை வஸ்ஸாப் எழுதிவைத்தார், தீனியை மார்க்கோபோலோ எழுதிவைத்தார். கப்பல் திரும்பி வருமா என்று வீட்டில் காத்திருந்தவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குதிரை அத்தியாயத்தை மூன்றாவதாகத் தள்ளிவிட்டேன். கதை இப்போது ஒரு முடுக்கில் ஆரம்பிக்கிறது.