துன்பத்திலும் பாடியவர்கள்

விவிலியத்தில் லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் யூபிலி ஆண்டைப் பற்றிக் கூறுகிறது. ஐம்பதாம் ஆண்டு வந்ததும் எக்காளம் ஊத வேண்டும். வறுமையால் தம்மை விற்றுக்கொண்ட இஸ்ரவேலர் விடுதலை பெற்றுக் குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும். கைமாறிய காணி உரியவனிடமே சேர வேண்டும். வெள்ளிவிழாவுக்கும் பொன்விழாவுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் ஜூபிலி என்ற பெயர் இதிலிருந்து வந்ததே. அப்பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்ட ஒரு மாணவர் குழுவின் வரலாற்றை நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் எழுதுவது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே அடிமை முறை ஒழிந்தது. அடுத்த மாதமே, 1866 ஜனவரியில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் கறுப்பின மக்களுக்கென ஃபிஸ்க் பள்ளி திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் படைவீரர் மருத்துவமனையாய் இருந்த மரக்கொட்டகைகளே வகுப்பறைகள். தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே அதுவரை சட்டப்படி குற்றம். ஆகவே ஏழு வயதுச் சிறுவர் முதல் எழுபது வயது முதியோர் வரை அரிச்சுவடி கற்க வந்து அமர்ந்தனர். நகரத்து அடிமைச் சந்தையில் கிடந்த கைவிலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் எழுத்துப் புத்தகங்களும் புதிய ஏற்பாடுகளும் வாங்கினர் என்று அப்பள்ளியின் வரலாற்றில் காண்கிறோம். இதனைப் படித்த அன்று மேலே படிக்க இயலாமல் புத்தகத்தை மூடிவைத்தேன்.

ஐந்தாண்டுகளில் பள்ளி கடனில் மூழ்கியது. மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது பொருளாளரும் இசையாசிரியருமாகிய ஜார்ஜ் ஒயிட், ஒன்பது இளைஞரையும் இளம்பெண்களையும் அழைத்துக்கொண்டு, பாடிப் பொருளீட்ட 1871 அக்டோபர் 6ஆம் நாள் புறப்பட்டார். அவருள் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். பியானோ வாசித்த எல்லா ஷெப்பர்டைத் தந்தை விலைகொடுத்து மீட்டார். தாயையோ எசமானர் விற்க மறுத்துவிட்டனர். குழந்தை ஒரு திசையிலும் தாய் ஒரு திசையிலுமாகப் பிரிந்தனர்.

முதலில் அவர்கள் மேடையில் பாடியவை வெள்ளையர் விரும்பிய இசைப்பாடல்களே. பருத்திக் காட்டிலும் இரவு நேரச் செபத்திலும் தம் பெற்றோர் பாடிய ஆன்மிகப் பாடல்களைப் பிறர்முன் பாட அவர்கள் கூசினர். அவை அடிமைத்தனத்தின் நினைவு. அதே வேளையில் பெற்றோரின் புனிதச் சொத்து. எனினும், நாளடைவில் அப்பாடல்களே கேட்போர் உள்ளத்தை உருக்கின.

வழியெங்கும் விடுதிகள் இடந்தர மறுத்தன. தொடக்கத்தில் வசூல் வழிச்செலவுக்கும் போதவில்லை. அவ்வேளையில் சிகாகோ நகரம் தீக்கிரையான செய்தி வந்தது. கையிலிருந்த ஐம்பது டாலருக்கும் குறைந்த தொகையை அப்படியே சிகாகோ மக்களுக்கு அனுப்பிவிட்டனர். பிறகு ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், சோர்ந்திருந்த குழுவிற்கு 'யூபிலிப் பாடகர்' என்று ஒயிட் பெயரிட்டார். கடன்பட்டு, உறங்க இடமின்றி, நாளை என்ன என்பது அறியாது நின்றவர்களுக்கு மகிழ்ச்சியின் ஆண்டைப் பெயராக வைத்தார்!

இளைஞர்களே, இம்மகிழ்ச்சியைப் பிழைபட உணர்தல் கூடாது. அடிமைகள் பாடுகிறார்கள், ஆதலால் அவர்களுக்குக் குறையொன்றுமில்லை என்று எசமானர் சொல்லிவந்தனர். அடிமையாய்ப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் வரலாற்றில் இதனை வன்மையாக மறுத்தார். துயரம் மிகுந்தபோதே அவர்கள் மிகுதியாகப் பாடினர் என்றார். நடவு வயலில் நம் தாய்மார் பாடியதைக் கேட்டு, வரப்பில் குடை பிடித்து நின்றவர்களும் இப்படித்தானே கூறினர்?

பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் பாடியதைத் திருச்சபைகளில் அடிக்கடி கேட்கிறோம். முதுகெல்லாம் அடிபட்ட காயம், கால்கள் தொழுமரத்தில், நள்ளிரவில் துதிப்பாடல். பிரசங்கங்கள் பெரும்பாலும் சிறைக்கதவு திறந்ததோடும் சிறைக்காரன் மனந்திரும்பியதோடும் நின்றுவிடுகின்றன. அதே அதிகாரத்தில், பொழுது விடிந்ததும் நடந்ததைப் படித்துப் பாருங்கள். ஓசையின்றிப் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லியனுப்பினர். பவுல் மறுத்தார். விசாரணையின்றி எங்களை வெளிப்படையாய் அடித்தவர்கள், தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்றார். அவர்களும் அஞ்சி வந்தனர். இரவில் பாடிய வாய்தான் காலையில் உரிமை கேட்டது. பாடத் தெரிந்தவன் பணிந்துபோவான் என்று யார் சொன்னது?

யூபிலிப் பாடகரும் அவ்வாறே நடந்தனர். 1872இல் அதிபர் கிராண்ட் முன்னிலையிலும் 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் பாடினர். (அதே 1873இல்தான் நம் நாட்டின் ஜோதிராவ் புலே, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத் தம் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார்.) முதற்பயணத்திலேயே 20,000 டாலர் ஈட்டிப் பள்ளியைக் காத்தனர். ஓயாத பயணத்தில் சிலரின் உடல்நலம் கெட்டது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. மகிழ்ந்த உள்ளம் காசநோயைத் தடுத்துவிடாது.

அவர்கள் ஈட்டிய பணத்தில் எழுந்த யூபிலி மண்டபம் 1876 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. பின்னாளில் உரிமைப் போராட்டத்திற்கு அறிவுத்தலைவராய் விளங்கிய டியூபாய்ஸ், 1888இல் ஃபிஸ்கில் பட்டம் பெற்றவர். அவருக்கு அண்ணல் அம்பேத்கர் 1946இல் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். எல்லா ஷெப்பர்ட் போருக்குப் பின் தாயைத் தேடிக் கண்டுபிடித்தார். பாடகியாய் ஊர் ஊராய்ச் சுற்றிய பின், நாஷ்விலில் தாய்க்கென ஒரு வீடு அமைத்து, அவரை அங்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டார்.