முதுகு காட்டி ஆடியவர்கள்

2000 அக்டோபர். பி.எம்.ஆர். தேர்வின் கடைசித் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு, நாங்கள் நாலு பேர் கிள்ளானில் ஒரு பேரங்காடியின் மேல்மாடிக்கு ஏறினோம். வீடியோ கேம் கடை வாசலில், பள்ளிச் சீருடையில் வருவோருக்கு அனுமதியில்லை என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்தது. அதற்காகவே புத்தகப்பைக்குள் டி-சட்டை கொண்டுவந்திருந்தோம். பச்சைச் சிலுவாரை என்ன செய்வது என்று மட்டும் ஒருவனும் யோசிக்கவில்லை. கல்லாவில் இருந்த அங்கிள் சிலுவாரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், டோக்கனை எண்ணிக் கொடுத்தார்.

உள்ளே கோடியில் ஒரு கூட்டம். எட்டிப் பார்த்தால் வரிசையாக முதுகுகள். அவற்றுக்கு அப்பால் ஓர் இரும்பு மேடை, அதன்மேல் இன்னொரு முதுகு. எங்கள் வயதுச் சீனப் பையன் ஒருவன், பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலடியில் மினுங்கிய அம்புகளை மிதித்துக்கொண்டிருந்தான். முகம் திரைப்பக்கம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வேர்வையில் ஒட்டிப்போன சட்டையும், குதிகால் தேய்ந்த சப்பாத்தும்தான். அந்த மெஷினுக்கு டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்று பெயர். மேலே பெரிதாக எழுதியிருந்தும் நாங்கள் அதைப் படிக்கவே இல்லை. ரொம்ப நாளைக்கு எங்களுக்கு அது 'மிதிக்கிற கேம்'தான்.

அதைச் செய்த கொனாமி, 1969-இல் ஒசாகாவில் ககேமாசா கொசுகி தொடங்கிய தொழில். ஆரம்பத்தில் பாட்டுப்பெட்டிகளை வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. காசு போட்டால் பாடுகிற பெட்டியில் ஆரம்பித்தவர்கள், முப்பது வருஷம் கழித்து, காசு போட்டால் போட்டவனையே ஆடவைக்கிற பெட்டியில் வந்து நின்றார்கள். நடுவில் 1997 டிசம்பரில் பீட்மேனியா என்று ஒன்று வந்தது. ஐந்து கட்டைகள், ஓர் இசைத்தட்டு, இரண்டையும் தாளத்துக்குத் தட்டித் திருப்ப வேண்டும். அடுத்த வருஷமே அந்த வித்தை கையிலிருந்து காலுக்கு இறங்கியது. காலால் மிதிக்கிற விரிப்பு ஜப்பானுக்குப் புதிதல்ல. பண்டாய் கம்பெனி 1986-இலேயே ஃபேமிலி டிரெய்னர் என்று ஒன்றை விற்றது. ஆனால் அதன்மேல் ஓடினார்கள், தாண்டினார்கள். பாட்டும் விரிப்பும் ஒன்றுசேர 1998 ஆகிவிட்டது.

விதி ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடியது. திரையின் அடியிலிருந்து அம்புகள் மேலே ஏறும். உச்சியில் நாலு சாம்பல் அம்புகள் அசையாமல் நிற்கும். ஏறுகிறது நிற்கிறதோடு பொருந்துகிற கணத்தில், காலடியில் அதே திசைக் கட்டத்தை மிதிக்க வேண்டும். முன், பின், இடம், வலம், அவ்வளவுதான். ஒவ்வொரு மிதிக்கும் உடனுக்குடன் தீர்ப்பு வரும்: பெர்ஃபெக்ட், கிரேட், குட், பூ, மிஸ். ரொம்பத் தவறினால் பாட்டு பாதியிலேயே நின்றுவிடும். அந்த நிசப்தம் இருக்கிறதே, வகுப்பு வாசலில் முழங்கால் போடச் சொன்ன மாதிரி.

விதி சுலபம். ஏறுவதுதான் கஷ்டம்.

ஆட்டம் எங்களுக்கு அந்நியமா என்ன? கிள்ளான் பையன்களுக்கு உருமி மேளம் கேட்டால் காலே நிற்காது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் மணிக்கணக்காக ஆடுகிற அண்ணன்மார் ஒவ்வொரு தாமானிலும் இருந்தார்கள். கல்யாண மண்டபங்களில் பிரபுதேவாவைப் பிரதியெடுத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் இந்த இரண்டு இடத்திலும் ஆடுகிறவனுக்கு முகம் இருந்தது. சுற்றி நிற்கிற பத்துப் பேரில் ஆறு பேர் சொந்தம். ஒரு காலைத் தப்பாக வைத்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் என்னைப் போன்றவர்கள் ஓரமாக நின்று கைதட்டும் பிரிவில் சேர்ந்தோம். மூன்றாவது ஆட்டம் ஒன்று உண்டு: பிரிக்ஃபீல்ட்ஸில் பரத வகுப்பு. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிவைத்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அங்கே பெரிய பெயர். அதுபோக மாடிவீடுகளில் சின்னச் சின்ன வகுப்புகளும் நடந்தன. அதில் பெண்பிள்ளைகளைத்தான் சேர்த்துவிடுவார்கள். பையனைச் சேர்க்கும் வீடு அபூர்வம்.

மெஷினில் முகம் தேவைப்படவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடலாம். யார் சிரிக்கிறார்கள் என்று தெரியாது; பாட்டின் இரைச்சலில் காதிலும் விழாது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கூச்ச சுபாவக்காரர்கள் இத்தனை பேர் அந்த மேடையில் ஏறியதற்கு, ஜப்பானிய மோகமோ விளம்பரமோ காரணம் என்று நான் நம்பவில்லை. மேடை எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. பின்னால் நின்று பார்க்கிறவனுக்கு ஆடுகிறவனின் இடது தனக்கும் இடது. கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிப்போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு டோக்கன்கூட மெஷினில் போடாமல், அந்தச் சீனப் பையனுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது இருக்கைக்கு அடியில் என் கால்கள் தானாக மிதித்துக்கொண்டு வந்தன.

அடுத்த வாரம் பெரியம்மா மகளை அழைத்துப்போனேன். அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஆறு வருஷம் பரதம் கற்றவள், சலங்கை பூஜை முடித்தவள். தட்டடவு தெரிந்தவளுக்கு நாலு அம்பு எம்மாத்திரம் என்பது என் கணக்கு. மெஷினின் சட்டத்தில் டோக்கன்கள் வரிசையாகக் கிடந்தன. டோக்கனை வைத்தால் வரிசையில் இடம் பிடித்த மாதிரி. எங்கள் முறை வந்ததும், "கக், நெக்ஸ்ட்," என்று ஒரு மலாய்ப் பையன் கையைக் காட்டினான். அக்கா குனிந்து இரும்பு மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. எனக்கு மானம் போயிற்று.

பாட்டு பாதியிலேயே நின்றது.

தாளம் தப்பவில்லை. அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. 'தெய்யா தெய்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு துல்லியமாகத்தான் தட்டினாள். சிக்கல் வேறு. ஒவ்வொரு அம்பை மிதித்ததும் காலை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அடவில் கால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஆறு வருஷமாக உடம்பில் ஏறிய பழக்கம். இந்த மெஷினில் நடுக்கட்டம் வெறும் இரும்பு. அங்கே திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த அம்புக்கு நேரம் போதாது. மிதித்த காலை மிதித்த இடத்திலேயே விட்டுவிட்டு, அடுத்ததற்கு மற்றக் காலை அனுப்ப வேண்டும். வலது கால் இடது அம்புக்குப் போக நேர்ந்தால் இடுப்பு தானாகத் திரும்பும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதைத்தான் நடனம் என்று நினைத்தார்கள். போதாததற்கு அக்கா அரைமண்டியில் உட்கார்ந்து முழுப்பாதத்தால் ஓங்கி அறைந்தாள். கட்டத்தின் நாலு ஓரத்திலும் அடியில் உணரிகள் இருக்கின்றன. முன்பாதத்தால் தொட்டாலே போதும்.

இதையெல்லாம் அவளே நாலாவது டோக்கனில் கண்டுபிடித்துவிட்டாள். அதன்பிறகு எங்கள் வட்டாரத்தில் அவளை யாரும் ஜெயிக்கவில்லை. 'பட்டர்ஃபிளை' என்ற ஸ்வீடன் நாட்டுப் பாட்டு, நிமிஷத்துக்கு 135 தட்டு, அவளுக்கு மூச்சே வாங்காது. 180 தட்டில் ஓடுகிற 'பாரநோயா' வந்தபோது, "இது என்னடா, மூணாங்காலம் மாதிரிதானே," என்றாள்.

அந்த வருஷக் கடைசியிலேயே, வீடியோ கேம் கடைகளை மூடுவதென்று அமைச்சரவை முடிவெடுத்தது. சூதாட்ட மெஷின்கள் ஓடுகின்றன, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற புகார்கள் பல காலமாக இருந்தவை. எங்கள் கடை பூட்டிக்கிடந்தது. அங்கிளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

மெஷின் மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தது இப்படித்தான். பிளேஸ்டேஷனுக்கான வடிவத்தை கொனாமி 1999-இலேயே வெளியிட்டிருந்தது, மிதிக்கிற விரிப்பும் கூடவே விற்பனைக்கு வந்திருந்தது. நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் அதன் ஒன்றுவிட்ட தம்பிகள்: இரவுச் சந்தையில் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு விற்ற பிளாஸ்டிக் விரிப்புகள். அம்மா அதை 'ஆட்டப் பாய்' என்றார். திருட்டு சிடியும் சிப் பொருத்திய பிளேஸ்டேஷனும் இல்லாத தாமான் அன்றைக்கு ஏது?

அந்தப் பாயைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே அடுக்கடுக்காகச் சமாச்சாரம். மேலேயும் கீழேயும் மின்சாரம் கடத்தும் பூச்சு பூசிய இரண்டு தாள்கள். நடுவில் மெல்லிய நுரைத் தாள், அதில் ஓட்டைகள். மிதித்தால் ஓட்டை வழியாக மேல்தாள் கீழ்த்தாளைத் தொடும், பொத்தானை அமுக்கியதாகக் கணக்கு. ஆயிரம் மிதிக்குப் பிறகு நுரை நசுங்கி, இடது அம்பு மிதிக்காமலேயே மிதிபடும். மாப்பிள் தரையில் பாய் வழுக்கிக்கொண்டு போகும். நாலு மூலையிலும் டேப் ஒட்டினோம். அப்புறம் பழைய பிளைவுட் பலகையில் ஆணியடித்தோம். அக்கா வீடு நாலாவது மாடி. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். அவரும் தாளத்தோடுதான் இடித்தார் என்று அக்கா சத்தியம் செய்வாள்.

2003-இல் மோனோரயில் ஓட ஆரம்பித்ததும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இம்பிக்கும் புக்கிட் பிந்தாங்குக்கும் நேராகப் போக முடிந்தது. அங்கே பேரங்காடிகளுக்குள் 'குடும்பப் பொழுதுபோக்கு மையம்' என்ற மரியாதையான பெயரில் மெஷின்கள் இருந்தன. பக்கத்திலேயே கொரியாக்காரர்களின் பம்ப் இட் அப். ஆண்டமிரோ என்ற கம்பெனி 1999-இல் கொண்டுவந்தது. அதில் ஐந்து கட்டம்: நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. நடுக்கட்டத்துக்கு வேலை வந்துவிட்டது! அக்கா ஒரே நாளில் கட்சி மாறினாள்.

இதற்குள் வெளியுலகம் இதை உடற்பயிற்சி என்று பேச ஆரம்பித்திருந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006-இல் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் இந்த விளையாட்டை வைக்கத் திட்டமிட்டது. எங்கள் வீடுகளில் அந்தச் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டு அம்மாக்களிடம் காட்டியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குப் பிடித்த கட்டம் ஸ்டெப்மேனியா. இலவச மென்பொருள். எந்தப் பாட்டையும் உள்ளே போட்டு, அம்புகளை நாமே எழுதிக்கொள்ளலாம். ஒரு பள்ளி விடுமுறை முழுக்க அக்காவும் நானும் ஒரு தமிழ்க் குத்துப்பாட்டுக்கு அம்பு எழுதினோம். அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நாளும் நாங்கள் மிதித்தது எவனோ ஒருவன் உட்கார்ந்து எழுதிய ஜதி என்று. அக்கா காகிதத்தில் முதலில் சொற்கட்டு எழுதுவாள், நான் அதை அம்பாக மாற்றுவேன். உருமி இழுக்கிற இடத்தில் எந்த அம்பும் சரிப்படவில்லை. அந்த இழுப்பை மிதிக்க முடியாது என்று விட்டுவிட்டோம்.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. 2009-இல் ஜஸ்ட் டான்ஸ்: திரையில் ஒரு பொம்மை நம்மைப் பார்த்து ஆடும், நாம் அதன் கண்ணாடி. 2012-இல் ஜப்பானில் சேகா கொண்டுவந்த மைமை: சலவை மெஷின் மாதிரி வட்டத் திரை, கையால் தட்டுவது, இன்றைக்குக் கோலாலம்பூர்ப் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பது அதற்குத்தான். புக்கிட் பிந்தாங் நடைபாதையில் கைப்பேசியை நிறுத்தி வைத்து, அதன் முகத்தைப் பார்த்து ஆடுகிறார்கள். கூச்சமே இல்லை. பொறாமையாக இருக்கிறது.

அக்கா இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை காலைகளில் பரதம் சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் ஒரு வேலையாகப் போனபோது வாசலில் காத்திருந்தேன். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். எதிரே உட்கார்ந்து தட்டுக்கழியால் தட்டிக்கொண்டிருந்தவள், பாதிப் பிள்ளைகள் இடதும் வலதும் மாறித் தட்டுவதைப் பார்த்துவிட்டு எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"என்னைப் பார்க்காதீங்க. என் காலைப் பாருங்க," என்றாள்.